அகீக் கல்லும் அதை அறுத்த கைகளும்

அகீக் மோதிரம் அணிந்தால் வறுமை அணுகாது, கண்ணேறு படாது என்று சொல்லி விற்கிறார்கள். இது சுன்னத்தா என்று மதரஸாவுக்கு வரும் பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. நபி (ஸல்) அவர்களின் வெள்ளி மோதிரத்தில் அபிசீனியக் கல் பதிந்திருந்ததாக அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அது அகீக்காகவோ வரிகள் ஓடும் ஜஸ்ஃ கல்லாகவோ இருக்கலாம் என்பது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் விளக்கம். ஆனால் அகீக்கில் பரக்கத் உண்டு எனும் அறிவிப்புகளை ஹதீஸ்கலை அறிஞர்கள் பலவீனமானவை, இட்டுக்கட்டப்பட்டவை என்றே ஒதுக்கினர். ஆகவே அதைத் தாயத்தாகக் கருத இடமில்லை. அதன் வரலாறோ அறியத்தக்கது.

அவ்வரலாற்றின் ஒரு முனை நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. குயிலாப்பாளையம் அமைந்துள்ள வானூர்ப் பகுதியில்தான் திருவக்கரைக் கல்மரங்களும் உள்ளன. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் மண்ணில் புதைந்த மரங்களில் சிலிக்கா ஊறிக் கல்லானவை அவை. அகீக்கும் சிலிக்காவே, எரிமலைப் பாறையின் பொந்துகளில் அடுக்கடுக்காகப் படிந்து சிறு உருண்டைகளாக இறுகியது. புதுச்சேரிக்குத் தெற்கே அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்வாய்வு நடத்தினார். அகேட், சூதுபவளம் ஆகியவற்றைக் கொண்டு அங்கே மணிகள் செய்யப்பட்டதற்கான சான்றுகளும் கிடைத்துள்ளன.

மறுமுனை குஜராத்தின் கம்பாத். ரத்தன்பூர்ச் சுரங்கக் கற்கள் அங்கேதான் வந்து சேரும். அபிசீனியாவிலிருந்து வந்த பாவா கோர் என்பவரே இத்தொழிலை வளர்த்தார் என்பது சித்தி முஸ்லிம்களின் மரபுவழிச் செய்தி. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய போர்ச்சுக்கீசியரான பார்போசாவும் இக்கல்லை அரபுப் பெயரைத் தழுவியே குறிப்பிடுகிறார். கல்லை வெயிலில் உலர்த்தி, மண்சட்டியில் இட்டு இரவெல்லாம் சூடேற்றுவர். அதிலுள்ள இரும்பு சிவந்து நிறம் ஏறும். பிறகு நட்டுவைத்த இரும்புமுனையில் கல்லைத் தாங்கி, எருமைக்கொம்புச் சுத்தியால் தட்டிச் செதுக்குவர். அடியின் விசை முனையிலிருந்து கல்லுக்குள் பாயும். பார்ப்பதற்கு எளிது, கை பழகுவதற்கு ஆண்டுகள் ஆகும்.

இன்று உலகெங்கும் பலர் பொழுதுபோக்காகவும் அகீக் அறுக்கின்றனர். சிறு உருண்டை பிடிமானத்தில் நழுவும் என்பதால் அதை மரக்கட்டையில் ஒட்டி, வைரத்தூள் பதித்த வட்ட ரம்பத்தால் மெல்ல வில்லைகளாக்குவர். எஃகுக் கத்தி கீறாத கல் அது. அவசரப்பட்டால் ரம்பம் கெடும். வெளியே அழுக்குக் கூழாங்கல்லாய்க் கிடந்தது, உள்ளே வளையம் வளையமாக விரியும்போது சுப்ஹானல்லாஹ் என்று வாய் தானே சொல்லும். அறுக்கும்போது ரம்பத்தின்மேல் நீரோ எண்ணெயோ ஓடிக்கொண்டே இருக்கும். அது சூட்டைத் தணிப்பதோடு தூசியையும் அடக்கும்.

கம்பாத்தில் பல பட்டறைகள் வீட்டோடு ஒட்டியவை. மின்சாரச் சாணையில் உலர்ந்த கல்லைத் தேய்க்கையில் எழும் நுண்தூசி நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் நோயைத் தருகிறது. காசநோய்க்கும் வழி திறக்கிறது. சாணை பிடிப்பவர் மட்டுமல்ல, அருகில் இருப்போரும் அத்தூசியைச் சுவாசிக்கிறார்கள். அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் இதை ஆய்ந்து பதிவு செய்துள்ளது. படிந்த தூசியை எந்த மருந்தாலும் அகற்ற முடியாது. தூசியை உறிஞ்சும் குழாயும் நீரும்தான் தடுப்பு.

மோதிரம் பற்றிக் கேட்கும் பெற்றோரிடம், அந்தக் கல்லை எங்கே, எப்படிச் சாணை பிடித்தார்கள் என்று கடைக்காரரை விசாரிக்குமாறு இப்போது நாம் சொல்லி வருகிறோம்.