விண்ணின்று நோக்கும் விழி: செய்மதிப் படமும் வரலாற்றுச் சான்றும்

1966ஆம் ஆண்டு செப்ரெம்பரில் ஜெமினி 11 விண்கலத்திற் சென்ற கொன்றாட், கோர்டன் ஆகிய இருவரும் எடுத்த ஒளிப்படமொன்று உலகெங்கும் புகழ்பெற்றது. தென்னிந்தியாவும் இலங்கையும் ஒருங்கே அடங்கிய படம் அது. தேசப்படத்திற் கண்டு பழகிய கரையோரம் முழுவதும் அதிற் காணப்பட்டது. எனினும் களனி கங்கையின் வடகரையிலுள்ள பேலியகொடையை அப்படத்தில் தேடுவோர் ஏமாற்றமே அடைவர். விண்ணின்று நோக்குங் கமரா நிலத்தின் எத்துணைச் சிறிய பொருளைக் காட்டவல்லது என்னும் வினா இங்கேயே எழுகின்றது.

அடுத்தடுத்துள்ள இரு பொருள்களை வேறுபடுத்திக் காட்டும் ஆற்றலே பிரிதிறன் எனப்படும். இத்துறையில் இராணுவமே முந்திக்கொண்டது. ஐக்கிய அமெரிக்காவின் கொரோனா என்னும் உளவுச் செய்மதித் திட்டம் 1960 ஓகஸ்ற்றில் முதல் வெற்றி கண்டது. செய்மதி வீழ்த்திய படச்சுருட் பேழையை விமானமொன்று வானிலேயே பற்றிக்கொண்டது. தொடக்கத்திற் சுமார் 12 மீற்றராக இருந்த பிரிதிறன், 1972இல் திட்டம் நிறைவுறுமுன் 1.8 மீற்றர் அளவுக்கு நுட்பம் பெற்றது. ஆயினும் அப்படங்கள் 1995 வரை மறைபொருளாகவே வைக்கப்பட்டிருந்தன. அவ்வாண்டில் வெளியிடப்பட்டவை 8,60,000க்கும் மேற்பட்டவை.

பொதுமக்களுக்குக் கிட்டியதோ வேறு வகையான பார்வை. 1972 ஜூலையில் ஏவப்பட்ட லான்ட்சற் 1 செய்மதியின் படத்தில் ஒரு புள்ளி நிலத்தில் ஏறத்தாழ 80 மீற்றரைக் குறித்தது. அத்தகைய படத்திற் களனி கங்கை ஒரு நூலிழை. பேலியகொடை சில நிறப்புள்ளிகளின் கூட்டம். 1995 டிசெம்பரில் இந்தியா அனுப்பிய ஐ.ஆர்.எஸ். 1சி செய்மதி 5.8 மீற்றர் பிரிதிறனை எய்தியது. அதில் வீதிகளையும் பெருங் கட்டடங்களின் கூரைகளையும் இனங்காணலாம். 1999இல் இக்கோனோஸ் ஒரு மீற்றரையும், 2001இல் குவிக்பேர்ட் சுமார் 60 சென்ரிமீற்றரையும், 2014இல் வேர்ல்ட்வியூ 3 செய்மதி 31 சென்ரிமீற்றரையும் எட்டின. இவற்றின் படங்களில் லொறிகளைத் தனித்தனியே எண்ணிவிடலாம்.

விண்ணிலிருந்து நாளிதழையும் வாசிக்கலாம் என்ற எண்ணம் மக்களிடையே பரவியுள்ளது. பௌதிகவியல் இதற்கு இடந்தருவதில்லை. ஒளியின் அலைநீளம், செய்மதியின் உயரம், ஆடியின் விட்டம் ஆகிய மூன்றும் பிரிதிறனுக்கு எல்லை வகுக்கின்றன. ஹபிள் தொலைநோக்கியிலுள்ளதைப் போன்ற 2.4 மீற்றர் விட்டமுடைய ஆடியை 250 கிலோமீற்றர் உயரத்தில் நிறுத்தினாலும், ஏறத்தாழ 6 சென்ரிமீற்றருக்குக் குறைந்த விவரம் புலப்படாது. வளிமண்டலத்தின் அசைவு அதனையும் மங்கச் செய்யும். மேலிருந்து நோக்குங் கமராவுக்கு மனிதன் ஒரு தலையும் நிழலுமே, முகம் அன்று.

இவ்வெல்லைக்கு உட்பட்டே செய்மதிப் படம் வரலாற்றுச் சான்றாகின்றது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி காலை 10.20 மணியளவிற் களுத்துறைக்கு மேலாகச் சென்ற குவிக்பேர்ட், ஆழிப்பேரலை தாக்கிய சிறிது நேரத்தில் அக்கரையோரத்தைப் படமெடுத்தது. கரையைத் தாண்டிய நீர் சுழித்துக் கடலுக்கு மீளும் காட்சி அதில் பதிவாயிற்று. நீரின் போக்கை அப்படம் துல்லியமாகக் காட்டிற்று. அந்நீர் கொண்டுசென்ற உயிர்களின் கணக்கை அது காட்டவில்லை.

2009ஆம் ஆண்டின் வன்னிப் படங்கள் இவ்வுண்மையை மேலும் கடுமையாக உணர்த்துவன. செய்தியாளர் போர்க்களத்திற்குச் சுயாதீனமாகச் செல்ல இயலாதிருந்த அக்காலத்தில், முல்லைத்தீவுக் கரையோரத்தை வர்த்தகச் செய்மதிகள் படமெடுத்தன. மே 6ஆந் திகதிப் படத்தில் நெருக்கமாகத் தென்பட்ட கூடாரங்களுட் பெரும்பாலானவை 10ஆந் திகதிப் படத்திற் காணப்படவில்லை என்பதையும், நிலத்திற் குழிகள் தோன்றியிருந்ததையும் அமெரிக்க அறிவியல் முன்னேற்றச் சங்கத்தினர் ஒப்பிட்டுக் காட்டினர். ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழுவின் 2011ஆம் ஆண்டு அறிக்கையும் செய்மதிப் படங்களைச் சான்றாகக் கொண்டது. எனினும், விற்பனைக்குரிய படங்களுக்கு அமெரிக்க அரசு அந்நாளில் விதித்திருந்த எல்லை அரை மீற்றர். அப்படத்தில் ஒரு மனிதன் ஒரு புள்ளி அளவினன். கூடாரம் அகன்றதைப் படம் கூறும்; அதனுள் இருந்தவர் யார், அவர் சென்றதெங்கே என்பவற்றைக் கூறாது.

பேலியகொடையே இதற்கு எளிய எடுத்துக்காட்டு. கொழும்பின் மொத்த மீன்சந்தை 2011இல் அங்கு இடம்பெயர்ந்தது; 2013இற் கட்டுநாயக்கா அதிவேக வீதியும், 2021இற் புதிய களனிப் பாலமும் திறக்கப்பட்டன. இம்மாற்றங்கள் யாவற்றையும் செய்மதிப் படங்களை ஆண்டு வரிசையில் அடுக்கிக் கண்டுகொள்ளலாம். 2020 ஒக்ரோபரிற் கொரோனாத் தொற்றினாற் சந்தை மூடப்பட்ட நாளில் எடுக்கப்பட்ட படமொன்றை எண்ணிப் பார்க்க. லொறிகளற்ற வெறுமை அதில் தோன்றும். வெறுமையின் காரணத்தையோ, பிழைப்பிழந்த தொழிலாளியின் துயரையோ அதிலிருந்து அறிதல் இயலாது.

கல்வெட்டையும் செப்பேட்டையும் ஆராய்வோர், அதனை வெட்டுவித்தவர் யார், எந்நோக்குடன் வெட்டுவித்தார் என வினவுவர். செய்மதிப் படத்தையும் அவ்வாறே வினவுதல் வேண்டும். எடுத்தவர் யார், எந்நாளில், எவ்வளவு பிரிதிறனுடன், எவர் அனுமதியுடன் வெளிவந்தது என்பன அவ்வினாக்கள். பொய்யுரைப்போரை மறுக்கப் படம் பெருந்துணை புரியும். இழந்தோரின் பெயரையும் நிகழ்ந்ததன் பொருளையும் வரலாற்றில் பொறிக்க, நிலத்தில் நின்று கண்டவரின் வாய்மொழி வேண்டும். அவ்வாய்மொழியைக் காலந் தாழ்த்தாது தொகுத்துப் பேணுதல் வரலாற்று மாணவரின் கடன்.