கஞ்சியும் கவிதையும்

சென்னையிலிருந்து கொல்கத்தா நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டையை எட்டுமுன் வருவது புதுவாயல். மேற்கே பெரியபாளையத்துக்குச் சாலை பிரிகிறது. கிழக்கே பொன்னேரி. வடக்கே சற்றுத் தொலைவில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை. வயல்களின் நடுவே ஆலைகள் எழுந்த பின், தமிழும் தெலுங்கும் கேட்ட தேநீர்க் கடைகளில் இந்தியும் ஒடியாவும் வங்காளமும் கேட்கின்றன. ஊரின் பெயருக்குப் 'புதிய வாயில்' என்று பொருள் கொண்டால், அவ்வாயில் யார் யாருக்குத் திறந்திருக்கிறது என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

1968ஆம் ஆண்டு முதல் சனவரி முதல் நாளைத் திருச்சபை உலக அமைதி நாளாகக் கடைப்பிடித்து வருகிறது. நம் பங்கில் அன்று மாலை இளையோர் கவியரங்கம் நடத்துவர். வெண்புறாக்கள் பறக்கும், எல்லைக்கோடுகள் அழியும், கைதட்டல் எழும். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு ஒரு கவியரங்கம் முடிந்தது. உலகம் ஒரே குடும்பம் எனப் பாடி முதற்பரிசு பெற்ற தம்பி வெளியே வந்தார். கோயில் தாழ்வாரத்தில் வடநாட்டுத் தொழிலாளர் இருவர் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்து உண்டுகொண்டிருந்தனர். "இங்கெல்லாம் உட்காரக் கூடாது, எழுந்திருங்கள்" என்று அவர் அதட்டினார். அவர்கள் பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்து போயினர். நாம் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். சிறப்பு விருந்தினரை வழியனுப்பும் அவசரத்தில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

தம்பியைக் குறை சொல்லி இதனை எழுதவில்லை. இருபதாண்டுகளுக்கு மேலாக அமைதியைப் பற்றி மறையுரை ஆற்றியவர் நாம். நம் சொல்லும் அவர் கவிதையும் அந்தத் தாழ்வாரத்தில் ஒன்றுபோலத் தோற்றன. பக்தியும் பாட்டும் தொண்டும் எங்கே ஒன்றாகின்றன, எங்கே பிரிந்து போகின்றன என்று அன்று எழுந்த கேள்வி, நம்மைச் சென்ற நூற்றாண்டுக்கும் முந்தைய ஒரு வரலாற்றிடம் அழைத்துச் சென்றது. அவ்வரலாற்றின் ஒரு நுனி நம் பக்கத்து ஊரிலேயே இருந்தது நமக்கு வியப்பாயிற்று.

சின்னக்காவணத்துக் குழந்தை

பொன்னேரியை அடுத்தது சின்னக்காவணம். இராமலிங்க அடிகளாரின் தாய் சின்னம்மையார் பிறந்த ஊர் அது. அடிகளார் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள் சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் பிறந்தார். ஓராண்டு நிறையுமுன் தந்தையார் மறைந்தார். ஐந்து பிள்ளைகளோடு கைம்பெண்ணான தாய், பிறந்தகம் தேடிச் சின்னக்காவணம் வந்தார். பின்னர் குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. ஆதரவற்று இடம்பெயர்ந்து வந்த ஒரு குடும்பத்தின் கைக்குழந்தையாகத்தான் வள்ளலார் நம் மண்ணுக்கு வந்தார் என்பதை நாம் மறவாதிருத்தல் நன்று.

சென்னையில் கந்தகோட்டத்தையும் திருவொற்றியூரையும் பாடிய அந்த இளைஞர், பின்னர் தென்னார்க்காட்டுப் பகுதிக்குத் திரும்பினார். 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டார். 1867ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். அதற்கு ஊர் மக்கள் எண்பது காணி நிலம் அளித்தனர். சாதி, சமயம், ஊர், பெயர் எதுவும் கேளாமல் பசித்து வந்தவர்க்கெல்லாம் சோறிட வேண்டும் என்பதே சாலையின் நெறி. அன்று மூட்டிய அடுப்பின் நெருப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது.

பிற உயிரின் பசியைத் தீர்ப்பதே வீடுபேற்றின் திறவுகோல் என்பது அடிகளாரின் கொள்கை. அவரைப் பொறுத்தவரை அன்னமிடுதல் வழிபாட்டுக்குப் பின் செய்யும் அறச்செயல் அன்று. வழிபாடே அதுதான். சத்திய ஞானசபை 1872இல்தான் எழுந்தது. முதலில் அடுப்பு, ஐந்தாண்டுகள் கழித்துச் சபை. கோயிற்கட்டடக் குழுக்களில் அமரும் நம்மைப் போன்றோர் இவ்வரிசையைச் சற்றே நின்று நோக்க வேண்டும்.

பாட்டால் எழுந்த பகை

தருமச்சாலை தொடங்கிய அதே 1867இல்தான் அடிகளாரின் பாடல்கள் 'திருவருட்பா' என்னும் பெயரில் நூலாயின. மாணாக்கர் தொழுவூர் வேலாயுத முதலியார் அவற்றைப் பதிப்பித்தார். அப்பெயரே ஒரு பெரும் பூசலுக்கு வித்தாயிற்று. தேவாரம், திருவாசகம் முதலிய பன்னிரு திருமுறைகளே அருட்பா. வாழும் ஒருவர் பாடியதை அவ்வாறு அழைத்தல் தகாது என்று யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் மறுத்தெழுதினார். இரு தரப்பிலும் துண்டு நூல்கள் பறந்தன. வசைமொழிகள் பெருகின. கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை வழக்குச் சென்றது. இருவரும் மறைந்த பின்னும் அப்பூசல் ஓயவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது மீண்டும் மூண்டபோது, அடிகளாரின் பாக்கள் அருட்பாவே என்று மேடையேறி வாதிட்டவருள் ஒருவர் செய்குத்தம்பிப் பாவலர் என்னும் இசுலாமியப் புலவர்.

நாவலரை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? கிறித்தவர்களுக்கு இது எளிய கேள்வி அன்று. பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் பயின்று, அங்கேயே ஆசிரியராகி, விவிலியத்தின் தமிழ் மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர் அவர். பின்னர் அப்பணியை விட்டு விலகி, நம் சமயத்தைக் கடுமையாக மறுத்தெழுதியவரும் அவரே. சாதி ஒழுங்கைப் பற்றிய அவர் கருத்துகளை இன்று நாம் ஏற்க இயலாது. வள்ளலாரைப் போற்றுவோர் அவரை எதிர்ப்பக்கத்தில் நிறுத்தி முடித்துவிடுவது வழக்கம். நாமும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

தாது ஆண்டுப் பஞ்சம்

1876இல் மழை பொய்த்தது. தாது ஆண்டில் தொடங்கியதால் தாதுப் பஞ்சம் எனப் பெயர் பெற்ற அக்கொடுமை 1878 வரை நீடித்தது. தென்னகத்தில் மாண்டவர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. தானிய ஏற்றுமதி நின்றபாடில்லை. நிவாரண வேலைக்கு வந்தவர்க்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று அரசின் பஞ்ச ஆணையர் ரிச்சர்டு டெம்பிள் கூலியைக் குறைத்தார். பழவேற்காட்டு ஏரி வழியாக வடக்கே செல்லும் பக்கிங்காம் கால்வாயை நம் மக்கள் அறிவர். சென்னை நகரில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் அதன் பகுதி அப்பஞ்சக் கூலிகள் வெட்டியதே.

அடிகளார் 1874ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் சென்று தாளிட்டுக்கொண்டவர், மக்கள் கண்ணுக்குப் பின்னர்த் தோன்றவில்லை. ஆயினும் அவர் மூட்டிய அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

மாயவரத்தில் இன்னொருவர் இருந்தார். அவர் நம்மவர், மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளிச் சீமையின் குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றி 1872இல் ஓய்வு பெற்றவர். தமிழின் முதல் புதினமான 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்டவர். பஞ்சம் வந்தபோது தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். 'நந்தனார் சரித்திரம்' பாடிய கோபாலகிருட்டிண பாரதியார் அக்கொடையை வியந்து அவர்மீது கீர்த்தனம் பாடினார். சைவப் பெரும்புலவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை முன்பே அவர்மீது 'குளத்துக் கோவை' இயற்றியிருந்தார். சிவனைப் பாடிய நாவுகள் ஒரு கத்தோலிக்கரைப் பாடிய காலம் அது.

பஞ்சம் இன்னும் தீராத 1878இல் வேதநாயகரின் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' வெளிவந்தன. இறைவனை அவை போற்றுகின்றன. ஆனால் எந்தச் சமயத்தின் பெயரையும் சொல்வதில்லை. எச்சமயத்தாரும் கூச்சமின்றிப் பாடலாம். அதனால்தான் கருநாடக இசை மேடைகளில் இன்றும் அவை ஒலிக்கின்றன. இது விசுவாசத்தைத் தளர்த்திய செயலா என்று குருமட நாள்களில் நமக்குள் விவாதம் எழுந்ததுண்டு. 'தேவமாதா அந்தாதி' பாடிய கையே இதனையும் எழுதிற்று என்பது அதற்கு விடை. தம் அன்னையின் பெயரைச் சொல்ல அவர் வெட்கப்பட்டவர் அல்லர். கஞ்சிக்கு வந்த கூட்டத்தில் எல்லாரும் இருந்தனர். ஆகவே எல்லாரும் பாடத்தக்க பாட்டு வேண்டியிருந்தது என்றே நாம் கொள்கிறோம். பிற சமயங்களில் உள்ள உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது 1965இல். குளத்தூர்ப் பொதுநிலையினர் ஒருவர் அதற்கு எண்பத்தேழு ஆண்டுகள் முன்னதாக அதைப் பாடியிருந்தார்.

இனி நாவலர். பஞ்சம் கடல் கடந்து யாழ்ப்பாணத்தையும் வாட்டியது. 1877இல் வண்ணார்பண்ணையில் 'கஞ்சித்தொட்டித் தருமம்' ஒன்றை ஏற்படுத்திப் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தவர் யார்? அருட்பாவை மறுத்த அதே ஆறுமுக நாவலர். மக்களின் துயரைப் பொருட்படுத்தாத அரசு அதிபருக்கு எதிராகக் குரல் எழுப்பியவரும் அவரே. இதனை முதன்முதல் படித்தபோது நூலை மூடி வைத்துவிட்டுச் சிறிது நேரம் அமர்ந்திருந்தோம்.

எம்மாவு வழியில்

நாவலர் 1822இல் பிறந்தார், வள்ளலார் 1823இல், வேதநாயகர் 1826இல். நான்கே ஆண்டுகளுக்குள் பிறந்த மூவர். கடவுளைப் பற்றி மூவரும் ஒத்த கருத்துடையவர் அல்லர். நாவலர் மற்ற இருவரின் நெறியையும் மறுத்தார். அவர்கள் சமாதானம் ஆனார்கள் என்று நாம் கதை கட்ட வேண்டியதில்லை; அவ்வாறு நடந்ததாகச் சான்றும் இல்லை. ஆயினும் பஞ்சம் வந்தபோது வடலூரிலும் மாயவரத்திலும் வண்ணார்பண்ணையிலும் அடுப்பு எரிந்தது. பாட்டில் பிரிந்தவர் கஞ்சியில் ஒன்றாயினர், ஒருவரை ஒருவர் காணாமலே.

எம்மாவுக்குச் சென்ற சீடர் இருவரை நினைத்துக்கொள்கிறோம். வழியெல்லாம் உரையாடினர், மறைநூல் விளக்கமும் கேட்டனர், உள்ளம் பற்றி எரிந்தது. ஆயினும் கண் திறந்தது அப்பம் பிட்கப்பட்டபோதுதான். அதுவும், யாரென்று தெரியாத வழிப்போக்கரை இரவு தங்குமாறு அவர்கள் வருந்தி அழைத்ததனால். அழைக்காமல் விட்டிருந்தால்? அந்தத் தாழ்வாரத்து நிகழ்ச்சி இங்கே நம் நெஞ்சைச் சுடுகிறது.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1967ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியிட்ட 'மக்கள் முன்னேற்றம்' என்னும் சுற்றுமடல், வறியோரின் முன்னேற்றத்தையும் உலக அமைதியையும் பிரிக்க முடியாதென்று காட்டியது. தருமச்சாலை தொடங்கி ஏறத்தாழ நூறாண்டு கழித்து உரோமையிலிருந்து வந்த செய்தி அது. அமைதி என்பது சண்டை இல்லாத நிலை மட்டும் அன்று. அந்நியர் என நாம் எண்ணுபவர் நம் வாசலில் அமர்ந்து நிம்மதியாக உண்ணும் நிலை அது. கவிதை அந்நிலையை வேண்டிப் பாடலாம். ஆனால் அதற்குப் பதிலாக நிற்க இயலாது. கவிதையை இகழ்ந்து இதனைச் சொல்லவில்லை. பாட்டில்லாத தொண்டு நாளடைவில் கணக்குப் புத்தகம் ஆகிவிடும் என்பதையும் பங்குப் பணியில் கண்டிருக்கிறோம். பசித்தவரிடம் கஞ்சி பெறுபவர் என்ற பெயரைத் தவிர வேறொன்றையும் காணாத தொண்டு அது. மூவரும் பாடினர் அல்லது எழுதினர்; ஆதலால்தான் கஞ்சிக்கு நின்றவரை மனிதராகக் கண்டனர்.

நம் பகுதிக்கு இவ்வரலாறு தொலைவில் இல்லை. சின்னக்காவணம் கிழக்கே இருக்கிறது. வேதநாயகரின் விசுவாசம் நம் பீடத்தில் இருக்கிறது. நாவலரின் யாழ்ப்பாணமும் இங்கே இருக்கிறது: போரினால் கடல் கடந்து வந்த ஈழத்தமிழர் கும்மிடிப்பூண்டி முகாமில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கின்றனர். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில், வடக்கே தம் ஊர் நோக்கி இதே நெடுஞ்சாலையில் நடந்து சென்ற தொழிலாளர் கூட்டத்தையும் நாம் பார்த்தோம். அப்போது நம் அன்பியத்தார் சிலர் சாலையோரம் சோறும் நீரும் கொடுத்தனர். "நம்மவர்க்கே போதாதே, சாமி" என்று ஒருவர் கேட்டார். உண்மைதான், போதவில்லை. எனினும் அன்று இருந்ததைப் பகிர்ந்தனர்.

இவ்வாண்டு சனவரி முதல் நாள் கவியரங்கத்தை நிறுத்தவில்லை. ஒரு மாற்றம் மட்டும் செய்தோம். மதியத்திலேயே கோயில் முற்றத்தில் அடுப்பு மூட்டினோம். உண்ண வந்தவரிடம் பெயரும் சமயமும் கேட்க வேண்டாம் என்று இளையோரிடம் சொல்லியிருந்தோம். ஆலைகளிலிருந்து வந்தவர்கள் முதலில் தயங்கி வாயிலுக்கு வெளியே நின்றனர். முன்னர் முதற்பரிசு பெற்ற அந்தத் தம்பி, இப்போது ஓர் ஆலையில் வேலை பார்ப்பவர், கற்றுக்கொண்ட சில இந்திச் சொற்களால் அவர்களை உள்ளே அழைத்தார். எல்லாரும் உண்ட பிறகே கவிதை படிக்கப்பட்டது. ஒடியா மொழியில் ஒருவர் ஒரு பாட்டுப் பாடினார். பொருள் நமக்கு விளங்கவில்லை; முடிவில் கை கூப்பினார், நாமும் கூப்பினோம்.

பொட்டலத்தை மடித்துக்கொண்டு எழுந்து போன அந்த இருவரை அக்கூட்டத்தில் தேடினோம். அவர்கள் வரவில்லை. அடுத்த ஆண்டும் தேடுவோம்.