ஹார்ட் டிஸ்க்கைப் பிரிக்கப் போறீங்களா? அதற்கு முன்பு கொஞ்சம் பொறுங்க

வெளியே மாட்டிப் பயன்படுத்தும் ஹார்ட் டிஸ்க் திடீரென்று வேலை செய்யவில்லை. கேபிளைச் செருகினால் விளக்கு எரிகிறது. ஆனால் கணினித் திரையில் ஒன்றும் வரவில்லை. உள்ளேயோ பாட்டியின் பழைய வீடியோ, பள்ளிப் படங்கள், பாலிடெக்னிக் இறுதியாண்டுப் புராஜெக்ட் எல்லாம் இருக்கு.

பெட்டி, கேபிள், அடாப்டர் எல்லாம் கடையில் கிடைக்கும். கோப்புகள் கிடைக்காது. எதைச் செய்வதென்றாலும் அந்தக் கணக்கில்தான் யோசிக்க வேண்டும்.

முதலில் சத்தத்தைக் கேளுங்கள்

காதைப் பக்கத்தில் கொண்டுபோங்க. 'டக்... டக்...' என்று ஒரே சீராகத் தட்டும் சத்தமோ கீறும் சத்தமோ கேட்டால், உடனே கேபிளைக் கழற்றிவிடுங்கள். தகவலைப் படிக்கும் முனை சரியாக வேலை செய்யவில்லை என்பதன் அறிகுறி அது. "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போம்" என்று ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் தட்டின் மேற்பரப்பு கீறப்படலாம். இது வீட்டில் பார்க்கும் வேலை இல்லை. தகவல் மீட்பு நிபுணர்களிடம் போக வேண்டியது.

ஃபிரீசரில் வைத்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீங்க. நம் ஊர் ஈரப்பதத்தில், ஃபிரீசரிலிருந்து வெளியே எடுத்ததும் குளிர்ந்த தண்ணீர் பாட்டில் வேர்ப்பதுபோல அதுவும் வேர்க்கும். உள்ளேயும் ஈரம் படியலாம்.

விபரீதமான சத்தம் எதுவும் இல்லையென்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். அகலமாக, தட்டையாக இருக்கும் அந்த யுஎஸ்பி முனை நாளடைவில் தளர்ந்துவிடும். வேறு கேபிள், வேறு போர்ட், முடிந்தால் வேறு கணினி என்று மாற்றிப் பாருங்கள். ஹப் வழியாக வேண்டாம், நேராக மடிக்கணினியில் செருகுங்கள். பல சமயம் பிரச்சினை இதோடு முடிந்துவிடும்.

தனி அடாப்டர் உள்ள பெரிய 3.5 அங்குல டிஸ்க் என்றால் கூடுதல் கவனம் வேணும். அவற்றுக்குப் பொதுவாக 12 வோல்ட் தேவை. மடிக்கணினி அடாப்டர்கள் பல 19 வோல்ட் தருபவை. முனை அளவில் பொருந்திவிடும், அதுதான் ஆபத்து. மாற்றிச் செருகினால் சர்க்யூட் போர்டு கருகிவிடலாம். அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள்.

உயிர் இருக்கும்போதே நகல்

டிஸ்க் அவ்வப்போது திறக்கிறதா? அப்படியென்றால் பழுது பார்ப்பதைத் தள்ளிப்போட்டு, முதலில் நகல் எடுங்கள். வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் போனால் 1 டெராபைட்டுக்குக் கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஆகும். பழுதான டிஸ்க்கில் இன்னும் நேரம் எடுக்கும், பாதியில் நின்றும் போகலாம். அதனால் வரிசை முக்கியம்: திரும்பக் கிடைக்காத படங்கள் முதலில், திரைப்படங்கள் கடைசியில். விண்டோஸ் "பிழையைச் சரிசெய்யவா?" என்று கேட்டால், நகல் எடுத்து முடிக்கும்வரை வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்தக் கருவி டிஸ்க்கில் இருப்பதையே மாற்றி எழுதக்கூடியது.

சாவி எங்கே?

பிட்லாக்கர் பூட்டுப் போட்டிருந்தால், அதன் 48 இலக்க மீட்புச் சாவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா, எங்காவது அச்சிட்டு வைத்தீர்களா என்று இப்போதே தேடுங்கள்.

இன்னொரு பூட்டும் உண்டு. இது பலருக்குத் தெரியாது. பெட்டிக்குள் இருப்பது ஒரு சாதாரண ஹார்ட் டிஸ்க்கும், அதை யுஎஸ்பியோடு இணைக்கும் ஒரு சின்ன போர்டும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை பாஸ்போர்ட், மை புக் வரிசைகளில் பலவற்றில், நீங்கள் பாஸ்வேர்ட் போடாவிட்டாலும் தகவல்கள் மறையாக்கம் செய்யப்பட்டே எழுதப்படும். டிஸ்க்கைக் கழற்றி வேறு பெட்டியில் போட்டால் படிக்கவே முடியாது. ஆகவே பழைய போர்டைத் தூக்கி எறியாதீங்க! சில மாடல்களில் யுஎஸ்பி முனை டிஸ்க்கின் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் பெட்டியை மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

உத்தரவாதம் இன்னும் இருக்கா?

இருந்தால் திருகாணியைத் தொடுவதற்கு முன்பு அதன் விதிமுறைகளைப் படியுங்கள். பிரித்தால் உத்தரவாதம் போய்விடலாம். அனுப்பினால் வேறொரு சிக்கல்: நிறுவனங்கள் பொதுவாக உங்கள் டிஸ்க்கைப் பழுதுபார்த்துத் திருப்பித் தருவதில்லை, மாற்று டிஸ்க் தருகின்றன. உள்ளே இருந்த தகவல் உத்தரவாதத்தில் சேராது.

சிம் லிம் ஸ்குவேர் பக்கம் கடைக்குக் கொண்டுபோவதாக இருந்தால், வரிசை எண்ணைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். "எனக்கு டிஸ்க் முக்கியமில்லை, உள்ளே இருப்பதுதான் வேணும்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லி, ரசீதிலும் எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நல்ல மனசோடு ஃபார்மேட் பண்ணிக் கொடுத்துவிடக்கூடும்.

நீங்களே பிரிப்பதென்றால்

கணினியில் 'இஜெக்ட்' கொடுத்துவிட்டு, கேபிளையும் அடாப்டரையும் கழற்றி, ஒரு நிமிடம் விட்டுவிடுங்கள். நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டு நிற்க வேண்டும். அதுவரை டிஸ்க்கைத் தூக்கவே கூடாது. துணி விரிக்காத, சுத்தமான மேசை போதும். ஏர்கான் அறையில் காற்று வறண்டிருக்கும், அங்கு நிலைமின்னோட்டம் எளிதில் சேரும். போர்டைத் தொடுமுன் தண்ணீர்க் குழாய் போன்ற உலோகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். திருகாணி கண்ணுக்குத் தெரியாவிட்டால் ரப்பர் காலுக்கோ ஸ்டிக்கருக்கோ அடியில் இருக்கலாம். திருகாணியே இல்லாத பெட்டிகளும் உண்டு. அவற்றின் விளிம்பைப் பழைய ஈசி-லிங்க் அட்டையால் மெதுவாக நெம்புங்கள். கத்தி வேண்டாம். ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படம் எடுத்தால், திரும்ப மாட்டும்போது குழம்பாது.

வெளிப்பெட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் வெள்ளி நிற உலோக மூடி உங்கள் எல்லை இல்லை. அதற்குள் படிக்கும் முனை, தட்டுக்கு மேல் சில நானோமீட்டர் உயரத்தில்தான் மிதக்கிறது. தலைமுடியின் தடிமனோ பல்லாயிரம் நானோமீட்டர். வீட்டுக் காற்றிலுள்ள ஒரு தூசி விழுந்தால் போச்சு. மூடியில் இருக்கும் சிறு துளையையும் டேப்பால் அடைக்காதீங்க, அது காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் வழி.

புதுப் பெட்டியில் மாட்டிச் செருகியதும் "இந்த டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும்" என்று திரையில் வரலாம். தகவல் அழிந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. புது போர்டுக்குப் பழைய போர்டு எழுதிய முறை புரியாமல் இருக்கலாம். 'கேன்சல்' அழுத்தி, முறையாகக் கழற்றிவிட்டு, டிஸ்க்கைப் பழைய போர்டோடு சேர்த்து நிபுணரிடம் கொடுங்கள்.