மாடத்தி (திரைப்படம்)

மாடத்தி 2019 ஆம் ஆண்டில் திரையிடப்பட்ட தமிழ்த் திரைப்படமாகும். கவிஞரும் ஆவணப்பட இயக்குநருமான லீனா மணிமேகலை இயக்கிய இப்படத்தில் அஜ்மினா காசிம், செம்மலர் அன்னம், பேட்ரிக் ராஜ், அருள் குமார் முதலானோர் நடித்துள்ளனர். பிறர் கண்ணில் படுவதே தீட்டு என்று ஒதுக்கப்பட்ட புதிரை வண்ணார் குடும்பத்தில் பிறந்த ஒரு சிறுமி, அவளை ஒதுக்கிய ஊருக்கே தெய்வமாகும் கதையை இப்படம் கூறுகிறது. "காணாமை" என்னும் வழக்கத்தை மையப்பொருளாகக் கொண்ட தமிழ்ப் படங்கள் மிக அரிது.

வகை

நாடகப்படம்

கதை

கவனிக்க: கீழே உள்ள பகுதி படத்தின் கதையையும் முடிவையும் வெளிப்படுத்தும்.

புதுமணத் தம்பதியர் இருவர் மாடத்தி கோயிலுக்குப் புறப்படுகின்றனர். வழியில் மணப்பெண்ணுக்கு மாதவிடாய் ஏற்பட, அருகிலிருக்கும் குடிசை ஒன்றை நாடிச் செல்கிறாள். அங்குள்ள சிறுவன் வழியாக மாடத்தியின் கதை அவளுக்குத் தெரியவருகிறது. பின்னோக்கிச் செல்லும் அக்கதையே படத்தின் பெரும்பகுதி.

மலையடிவாரத்தில், ஊரைவிட்டு விலகி, வேணியும் அவள் கணவன் சுடலையும் வாழ்கின்றனர். ஊரார் துணிகளை, குறிப்பாக மாதவிடாய்த் துணிகளையும் இறந்தோரின் துணிகளையும், வெளுப்பது அவர்கள் தொழில். ஊரார் எதிர்ப்பட்டால் புதருக்குள் மறைந்துகொள்ள வேண்டும். இவர்களுடைய மகள் யோசனா பருவத்தை எட்டிக்கொண்டிருப்பவள். காட்டிலும் ஆற்றிலும் தன் விருப்பப்படி திரிபவள். அவளை மறைத்து வைப்பதே தாயின் ஓயாத கவலையாகிறது. மகளிடம் வேணி காட்டும் கடுமை அச்சத்திலிருந்து பிறந்தது. ஆற்றங்கரையில் அவளையே ஊரான் ஒருவன் வன்புணர்கிறான். அதன் பிறகும் அவள் துணியைக் கல்லில் அடித்துத் துவைக்க வேண்டியிருக்கிறது. படத்தின் மிக வலுவான காட்சி இதுவே எனலாம்.

பன்னீர் என்னும் ஊர் இளைஞன் ஆற்றில் குளிப்பதை மறைந்திருந்து பார்க்கும் யோசனா அவன்மீது விருப்பம் கொள்கிறாள். காணப்படக் கூடாதவள் காண்பவளாக மாறும் இடம் அது. இதற்கிடையே ஊரில் புதிய அம்மன் சிலைக்குத் திருவிழா ஏற்பாடாகிறது. விழா இரவில், குடித்திருக்கும் ஆண்கள் யோசனாவைக் கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாக்க, அவள் இறக்கிறாள். அதன்பின் ஊரார் பார்வையை இழக்கின்றனர். யோசனா மாடத்தியாகிறாள்.

கதைக்களமும் வரலாற்றுப் பின்னணியும்

படத்தின் நிலமும் தெய்வ மரபும் பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2019 நவம்பர் 22 அன்று தனி மாவட்டமாகத் தொடங்கப்படும் வரை தென்காசியும் குற்றாலமும் அம்மாவட்டத்திலேயே இருந்தன. ஆகவே பழைய ஆவணங்களில் திருநெல்வேலி என்று காணப்படுவது குற்றால மலையடிவாரத்தையும் சிற்றாற்றுக் கரை ஊர்களையும் உள்ளடக்கியதே. (செங்கோட்டை மட்டும் 1956 வரை திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி ஆட்சியில் இருந்தது.)

காணாமை என்பது இயக்குநரின் கற்பனை அன்று. 1932 டிசம்பரில் 'தி இந்து' நாளேட்டில் வெளியான செய்தி ஒன்று, திருநெல்வேலி மாவட்டத்தில் புரத வண்ணார் என்னும் பிரிவினர் பகலில் வெளியே வர இயலாமல் வாழ்ந்ததைப் பதிவு செய்துள்ளது. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் அவர்கள் துணி வெளுத்தனர். செய்தி சேகரிக்கச் சென்றவர்களைச் சந்திப்பதற்காக வீட்டைவிட்டு வெளியே வரவே அவர்கள் மிகவும் தயங்கினர் என்றும் அச்செய்தி கூறுகிறது. புரத வண்ணார் என்பது புதிரை வண்ணார் என்பதன் மற்றொரு வடிவம்.

இச்சமூகத்தினர் வெளுத்தது பெரும்பாலும் பிற பட்டியல் சாதியினரின் துணிகளையே. ஒடுக்கப்பட்டோருக்குள்ளும் ஒடுக்கப்பட்டோர் என்ற இந்நிலையால், சாதி எதிர்ப்புப் பேச்சுகளிலும் அவர்கள் குரல் குறைவாகவே ஒலித்தது. தமிழிலக்கியத்தில் இமையம் 1994 இல் எழுதிய 'கோவேறு கழுதைகள்' புதினம் இவ்வாழ்வை விரிவாகச் சொன்ன முன்னோடிப் படைப்பு. அதிலும் மையப் பாத்திரம் ஒரு வண்ணாரப் பெண்ணே.

தமிழ்நாட்டின் பட்டியல் சாதிகளுள் புதிரை வண்ணாரும் ஒருவர். எனினும் ஊருக்கு ஒன்றிரண்டு குடும்பங்களாகச் சிதறி வாழ்வதால், சாதிச் சான்றிதழ் பெறுவதே பலருக்குப் போராட்டமாக இருந்து வருகிறது. சான்றிதழ் இல்லையேல் மாணவருக்குக் கல்வி உதவித்தொகையும் இல்லை, இடஒதுக்கீடும் இல்லை. 2009 ஆம் ஆண்டில் தமிழக அரசு இவர்களுக்கென நல வாரியம் ஒன்றை அமைத்தது. பகலில் வெளியே வரலாகாது என்ற தடை மறைந்தாலும், அரசுத் தாள்களில் காணப்படாமை அவ்வளவு எளிதில் மறையவில்லை.

கொலையுண்டோர் தெய்வமாதல்

நெல்லை வட்டாரத்தின் சிறுதெய்வங்களுள் பலர், வாய்மொழிக் கதைகளின்படி, அநீதியாக உயிரிழந்த மனிதர்கள். கோயில் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாகப் பாடப்படுபவை இவர்கள் கதைகளே. நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. சக்கிலியர் குலப் பெண்கள் இருவரை மணந்து, அவர்கள் குலத்தொழிலையும் ஏற்ற பார்ப்பன இளைஞன் அவன். பாபநாசம் மலையில் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் இன்றும் வணங்கப்படுகிறான்.

இம்மரபை வியப்போடு மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. கொன்றவர்களின் வழித்தோன்றல்களும் அச்சத்தால் அதே தெய்வத்தை வணங்குவதுண்டு. வணக்கம் கிடைத்துவிடுகிறது. நீதி கிடைப்பதில்லை. மாடத்தி இம்முரணையே எடுத்துக்கொள்கிறது. உயிரோடு இருக்கையில் பார்க்கத் தகாதவளைக் கல்லாக்கியபின் தரிசிக்க ஊர் திரள்கிறது. பார்க்க மறுத்தவர்களுக்குப் பார்வை பறிபோவது, நாட்டார் கதைகளில் வரும் சாபத்தின் இயல்பான வடிவம்.

உருவாக்கமும் வெளியீடும்

'செங்கடல்' படத்தைத் தொடர்ந்து லீனா மணிமேகலை இயக்கிய இரண்டாவது முழுநீளக் கதைப்படம் இது. சிறுமிகளைத் தெய்வத்துக்கு நேர்ந்துவிடும் வழக்கம் குறித்து இவர் முன்னரே 'மாத்தம்மா' என்னும் ஆவணப்படத்தை எடுத்திருந்தார். தெய்வமும் பெண்ணுடலும் சந்திக்கும் இடம் இவருக்குப் புதிதன்று. ஆவணப்படப் பயிற்சி இப்படத்தின் ஆற்றுக் காட்சிகளிலும் திருவிழாக் காட்சிகளிலும் தெளிவாகத் தெரிகிறது.

படத்துக்கான பொருள் பொதுமக்களிடம் திரட்டப்பட்டது. நடித்தவர்களுள் பலர் தொழில்முறை நடிகர்கள் அல்லர். யோசனாவாக அஜ்மினா காசிமும் வேணியாகச் செம்மலர் அன்னமும் நடித்துள்ளனர். இசை கார்த்திக் ராஜா. ஒளிப்பதிவில் அபிநந்தன் ராமானுஜம் உள்ளிட்ட மூவர் பங்காற்றினர். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஓடும் இப்படத்தில் உரையாடல் குறைவு. நீரும் காடும் பேசவேண்டியவற்றில் பெரும்பகுதியைப் பேசிவிடுகின்றன.

2019 அக்டோபரில் தென்கொரியாவின் பூசான் பன்னாட்டுத் திரைப்பட விழாவில் மாடத்தி முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பின்னர் 2021 சூன் மாதத்தில், கேரளத்தைச் சேர்ந்த நீஸ்ட்ரீம் இணையத் தளத்தின் வழியாகப் பொதுப் பார்வைக்கு வந்தது.