பின்னலூசியின் இரு வரலாறுகள்

ஓய்வு நேரத்துக்குரிய பொழுதுபோக்காக இன்று கருதப்படும் கைவேலைகள் சில, ஒருகாலத்தில் வயிற்றுப்பாட்டுக்குரிய தொழில்களாக விளங்கின. கம்பளிப் பின்னல் அவற்றுளொன்று.

பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏழைக் குடும்பத்தினர், ஆண் பெண் என்ற வேறுபாடின்றிக் காலுறை பின்னிப் பிழைத்தனர். 1589 ஆம் ஆண்டளவில் நொட்டிங்ஹாம்சயரைச் சேர்ந்த வில்லியம் லீ என்பார் காலுறை பின்னும் பொறியொன்றை ஆக்கினார். அரசின் ஆதரவு கிட்டாமையால் அவர் பிரான்சுக்குச் சென்றாராயினும், அவரது பொறி பின்னர் இங்கிலாந்திலேயே வேரூன்றியது. கைப்பின்னலுக்கிருந்த சந்தை படிப்படியாகச் சுருங்கிற்று.

தொழில் தளர்ந்தவிடத்துப் பொழுதுபோக்கு தலையெடுத்தது. 1840 இல் எடின்பரோ நகரின் ஜேன் கோகெய்ன் அம்மையார் பின்னல் முறைகளை விளக்கும் கையேடொன்றை வெளியிட்டார். வசதிபடைத்த இல்லங்களின் பெண்கள் அத்தகைய கையேடுகளைப் பயின்று பின்னினர். அதே நூற்றாண்டில், ஸ்கொத்லாந்தின் வடகோடியிலுள்ள ஷெற்லாந்துத் தீவுகளின் ஏழைப் பெண்கள் சால்வைகளைப் பின்னி வணிகரிடம் கொடுத்தனர். கூலியாகப் பெரும்பாலும் பணம் கிடைக்கவில்லை. தேயிலையும் துணியுமே கிடைத்தன. 1872 இல் நடைபெற்ற அரசாங்க விசாரணையில் அப்பெண்கள் பலர் இதனை எடுத்துரைத்தனர்.

ஊசியும் கம்பளி இழையும் இருசாராருக்கும் பொதுவானவையே; கைத்திறனில் ஷெற்லாந்துப் பெண்கள் எவருக்கும் தாழ்ந்தவரல்லர். விரும்பியபோது ஊசியைக் கீழே வைக்க முடிந்தவளுக்கு அது பொழுதுபோக்கு. வைக்க முடியாதவளுக்கு அது பிழைப்பு. கைவினையின் வரலாற்றை எழுதப் புகுவோர் வேலைப்பாட்டின் அழகோடு இவ்வேறுபாட்டையும் நோக்குதல் வேண்டும்.