கல்யாண சிடியும் ஒரு பால்பாயிண்ட் பேனாவும்

போன மாதம் பீரோவை ஒழித்தபோது எங்கள் கல்யாண சிடி கிடைத்தது. 2005-ல் மதுரையில் எடுத்தது, மொத்தம் மூன்று. ஆசையாகப் போட்டால் இரண்டாவது மட்டும் ஓடவில்லை. அப்பா மைக் பிடித்துப் பேசியது அதில்தான் இருக்கிறது. அப்பா இப்போது இல்லை. அடிப்பக்கம் பார்த்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு, ஒரு கீறல் கூட இல்லை. அப்புறம் ஏன்? பதில் தேடப் போய் சிடியின் சரித்திரமே கிடைத்தது.

பிலிப்ஸும் சோனியும் 1979-ல் கைகோத்தன. தட்டின் குறுக்களவு 12 செ.மீ., தடிமன் 1.2 மி.மீ. என்று முடிவாயிற்று. சோனியின் சிடிபி-101 பிளேயர் 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் கடைக்கு வந்தது.

கீறல் விழும் என்று அவர்களுக்கு அப்போதே தெரியும். அதனால் ரீட், சாலமன் என்ற இருவர் 1960-ல் வெளியிட்ட கணக்கு முறையைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு 24 பைட் இசைக்கும் 8 பைட் சரிபார்ப்பு எண்கள். எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு எழுதுவார்கள். பேரேட்டில் ஒரு பக்கம் கிழிந்தால் டே புக்கையும் வவுச்சரையும் வைத்து இருப்பைக் கண்டுபிடிப்போமே, அந்த மாதிரி! தடத்தில் சுமார் 2.5 மி.மீ. தொடர்ந்து அழிந்தாலும் பிளேயர் சமாளித்துவிடும். சிடியை நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைக்கச் சொல்வது இதனால்தான். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடேயே ஓடி அந்த எல்லையைத் தாண்டிவிடும்.

உண்மையான ஆபத்து மேல்பக்கம். நாம் பொத்திப் பொத்தி வைக்கும் அடிப்பக்கத்தில் 1.2 மி.மீ. பிளாஸ்டிக் காவல் இருக்கிறது. தகவல் இருக்கும் உலோகப் படலமோ பெயர் எழுதும் பக்கத்தில், மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே. இங்கிலாந்தின் பிளாக்பர்னில் இருந்த பிடிஓ தொழிற்சாலை 1988 முதல் 1993 வரை தயாரித்த பல சிடிகள் இதற்குச் சாட்சி. காகித உறையில் இருந்த கந்தகம் பூச்சைத் தாண்டி வெள்ளிப் படலத்தைத் தாக்க, ஒரு கீறலும் இல்லாமலே அவை வெண்கல நிறமாகிக் கெட்டுப்போயின.

வீட்டில் எழுதும் சிடி இன்னும் மென்மை. ஜப்பானின் தையோ யூடன் 1988-ல் அறிமுகம் செய்த இந்த வகையில் தகவல் இருப்பது ஒரு சாயப் படலத்தில். வெயில், சூடு, ஈரம் மூன்றும் ஆகாது. கல்யாண ஸ்டுடியோக்கள் பெரும்பாலும் தந்தது இதைத்தான். எங்கள் இரண்டாவது சிடியின் மேலே "முகூர்த்தம்" என்று பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியிருந்தது. கையெழுத்து? அடியேனுடையதுதான்.

பிளேயரையும் கொஞ்சம் கவனியுங்கள். தட்டை வெளியே நீட்டிக்கொண்டே விடாதீர்கள், லென்சில் தூசி படியும். ஈரத் துணியால் லென்சைத் தொடாதீர்கள். காற்றடிக்கும் ரப்பர் பல்பு போதும். சிடி மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள்.

கடைசியில் நண்பர் வீட்டுப் பழைய கம்ப்யூட்டரின் டிரைவ் அந்த சிடியைப் படித்தது. இருபது நிமிடம் போச்சு, ஆனால் அப்பாவின் பேச்சு தப்பியது. உடனே இரண்டு இடங்களில் நகல் எடுத்துவிட்டேன்.

நம் ஊர் மோசர் பேயர் கம்பெனியைக் கலைக்க 2018-ல் உத்தரவாயிற்று. சோனி 2025 பிப்ரவரியில் எழுதும் புளூரே தட்டுகளை நிறுத்தியது. தட்டு பிழைத்தாலும், படிக்கும் பெட்டி நாளைக்குக் கிடைக்குமா? ஞாயிற்றுக்கிழமை உங்கள் பீரோவையும் ஒருமுறை திறந்து பாருங்களேன்.