மண்ணீரற் கணக்கும் உவர்நீர்க் கிணறும்

ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் இதுவரை எவரும் காணாத ஒன்றைக் காண்பது என்றே நம்மிற் பலரும் பொருள் கொள்கிறோம். உண்மையில் ஆராய்ச்சியாளரின் உழைப்பிற் பெரும்பகுதி, தமக்கு முன் ஒருவர் எழுதி வைத்துச் சென்றதை எடுத்து, அவர் எந்த இடத்தில் நின்று, எந்தக் காலத்தில், எதைப் பார்த்து அதை எழுதினார் என்று விசாரிப்பதிலேயே கழிகின்றது. அந்த விசாரணை ஒழுங்காக நடந்த காலத்தில் உயிர்கள் காக்கப்பட்டன. நடவாத காலத்தில் இழப்பு நேர்ந்தது. இதற்குச் சான்று தேடித் தொலைதேசம் செல்ல வேண்டியதில்லை. இலங்கையின் மலேரியா வரலாறு ஒன்றே போதும். அந்த வரலாற்றின் மிகப் பிந்திய அத்தியாயம் நமது யாழ்ப்பாணக் குடாநாட்டின் கிணற்றடிகளிலே எழுதப்பட்டு வருகின்றது என்பதால் அதனை அறிந்துகொள்ளும் கடமையும் நமக்கு உண்டு.

நுளம்பே மலேரியாவைக் காவுகின்றது என்பதை 1897ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் செக்கந்தராபாத்திலே றொனால்ட் றொஸ் கண்டார். அவர் வெறுங்கையோடு தொடங்கியவரல்லர். நோயாளியின் குருதியில் ஒட்டுண்ணியை 1880இல் லவரன் கண்டு எழுதியிராவிடின், யானைக்கால் நோயின் புழுவை நுளம்பின் உடலிலே 1870களில் மான்சன் கண்டிராவிடின், நுளம்பின் வயிற்றை அறுத்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணமே றொசுக்குத் தோன்றியிராது. இந்தக் கதை பாடநூல்களில் உள்ளது. ஆதலால் இவ்வளவோடு நிறுத்தி நமது நாட்டுக்கு வருவோம்.

இலங்கையில் மலேரியாவுக்கு எதிரான முயற்சி 1911இல் குருநாகலிலே தொடங்கியது. 1920களில் கார்ட்டர் என்ற பூச்சியியலறிஞர் ஊர் ஊராகச் சென்று நுளம்புக் குடம்பிகளைச் சேகரித்து, இந்நாட்டில் வாழும் பல அனோபிலிசு இனங்களுள் கியூலிசிபேசிசு என்ற ஒன்றே மலேரியாவை முதன்மையாகப் பரப்புகின்றது என நிறுவினார். அது ஓடும் நீரை விரும்பாது. ஆறு வற்றும்போது மணலிலும் பாறையிடுக்கிலும் தேங்கி நிற்கும் தெளிந்த நீரையே விரும்பும். இதன் பொருள் விசித்திரமானது. மழை பொய்த்தால் வறண்ட பிரதேசத்தவரைக் காட்டிலும், வற்றாத ஆறுகளையுடைய ஈரவலயத்தவருக்கே ஆபத்து மிகுதி.

1934இல் அதுவே நேர்ந்தது. தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயாவும் மகா ஓயாவும் குட்டைகளின் வரிசையாக மாறின. அவ்வாண்டின் இறுதி மாதங்களில் எழுந்த கொள்ளைநோய் 1935இன் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோயிற்று. நோய்க்கு முன்பின் பழகாத மக்களிடையே அது புகுந்தது. பசியும் உடன் இருந்தது. பிரையகிளிப், கில் ஆகிய மருத்துவ அறிஞர்கள் 1935இல் வெளியிட்ட அறிக்கைகளைப் படிப்போர், இது நுளம்பின் கதை மட்டுமன்று, வறுமையின் கதையுமாகும் என்பதை உணர்வர். எவ்வளவு சாவு காய்ச்சலால், எவ்வளவு சாவு பட்டினியால் என்று பிரித்துக் கூற முடியாத நிலை அது. சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் கிராமங்களுக்கு மருந்தும் உணவும் சுமந்து சென்றமையும், அவர்களிற் பலர் அதே 1935ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அரசியற் கட்சியைத் தோற்றுவித்தமையும் இந்நாட்டு வரலாற்றிற் பதிந்தவை.

கொள்ளைநோய்க்குப் பின்னர் சுகாதாரப் பகுதியினர் செய்த வேலையொன்றை இங்கே சற்று விரித்துக் கூற விரும்புகிறேன். பாடசாலை அதிபர் ஒருவரின் மனம் அதில் தங்குவது இயல்பு என்று நேயர்கள் பொறுத்தருள்வார்களாக. மலேரியா திரும்பத் திரும்பப் பீடித்த பிள்ளையின் இடப்பக்க விலாவுக்குக் கீழே மண்ணீரல் பெருத்திருக்கும். விரலால் அழுத்தினாலே தெரியும். குருதி எடுக்க வேண்டியதில்லை, கருவி எதுவும் வேண்டியதில்லை. ஓர் ஊரின் பிள்ளைகளில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் பெருத்திருக்கின்றது என்று எண்ணிவிட்டால் அவ்வூரில் மலேரியா எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பது புலனாகிவிடும். அவ்வாறே 1930களின் பிற்பகுதியிலும் 1940களின் தொடக்கத்திலும் நாடெங்கும் பாடசாலைப் பிள்ளைகள் வரிசையில் நிறுத்தப்பட்டனர். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுதிக்கொண்டார். எந்தப் பெரிய கொள்கையையும் நிறுவுவதற்காக அந்த எண்கள் எழுதப்படவில்லை. எங்கே மருந்து அனுப்ப வேண்டும் என்று அறிவதற்காகவே எழுதப்பட்டன.

கால் நூற்றாண்டு கழிந்த பின்னர், அப்பிள்ளைகள் தாமே பிள்ளை பெற்றவர்களான பின்னர், அந்த எண்கள் உலகப் புகழ் பெற்ற ஒரு வாதத்தின் நடுவே வந்து நின்றன. வாதம் இதுதான். 1946இல் இலங்கையில் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. தெளிக்கும் திட்டம் பரவலாயிற்று. அவ்வாண்டு ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டில் 14 அளவுக்கு வீழ்ந்தது. ஒரே ஆண்டில் இத்தகைய வீழ்ச்சியை உலகம் அதுவரை அரிதாகவே கண்டிருந்தது. டி.டி.ரியின் வெற்றி என்று எங்கும் முழங்கப்பட்டது. ஆயினும் 1960ஆம் ஆண்டளவில் பிரெட்றிக்சன் என்பவர் ஐயம் ஒன்றை எழுப்பினார். மருந்து தெளித்த இடங்களில் மட்டுமன்றித் தெளியாத இடங்களிலும் இறப்புக் குறைந்திருக்கின்றதே, அதற்கு என்ன காரணம்? உணவு நிலை திருந்தியதைக் கருதவேண்டாமா?

1965இல் பீற்றர் நியூமன் என்ற பொருளியலறிஞர் இதற்கு விடை தேடப் புகுந்தபோதுதான் பழைய மண்ணீரற் கணக்குகளைக் கையில் எடுத்தார். எந்த மாவட்டத்துப் பிள்ளைகளிடம் மண்ணீரல் பெருத்திருந்ததோ அந்த மாவட்டத்திலே இறப்பு எவ்வளவு குறைந்தது என்று மாவட்டம் மாவட்டமாக ஒப்பிட்டார். போருக்குப் பிந்திய இறப்பு வீழ்ச்சியில் நூற்றுக்கு 42 பங்கு மலேரியா ஒழிப்புக்கு உரியது என்பது அவர் கண்ட முடிவு. நம் நாட்டு அறிஞர் மீகம 1967இல் இதனை மறுத்து எழுதினார். 1974இல் கிரே என்ற மருத்துவ அறிஞர் அந்த மாவட்ட எண்களை மீண்டும் ஆராய்ந்து, அப்பங்கு நூற்றுக்கு 23 அளவே என்றார். 1996இல் லாங்ஃபட், போர்க்காலத்திலும் அதன் பின்னும் மருத்துவ வசதிகள் விரிவடைந்தமையை எடுத்துக்காட்டி வாதத்தை மேலும் நகர்த்தினார்.

நாற்பத்திரண்டா, இருபத்துமூன்றா என்று கேட்டுவிட்டு, அறிஞருக்கு ஒற்றுமை இல்லை என்று கையை உதறிவிடுவோர் உண்டு. எனக்கு அக்கருத்து உடன்பாடன்று. மலேரியா மிகுந்த மாவட்டமே மருத்துவமனை குறைந்த மாவட்டமாகவும் பசி மிகுந்த மாவட்டமாகவும் இருந்தது. ஒன்றோடொன்று பின்னிய இழைகளைப் பிரித்தெடுக்க முயன்றவர்கள் அவர்கள். அந்த முயற்சியினால்தான், மருந்து தெளித்தல், அரிசிப் பங்கீடு, கிராம மருத்துவமனை, எழுத்தறிவு பெற்ற தாய் ஆகிய எல்லாம் சேர்ந்தே இந்நாட்டு மக்களின் ஆயுளை நீட்டின என்ற தெளிவு பிறந்தது. மண்ணீரற் கணக்கை எழுதியவர் இதனைக் கனவிலும் கருதியிருக்கமாட்டார். அவர் பிழையின்றி எழுதினார், எழுதியது பாதுகாக்கப்பட்டது. அது போதுமானதாயிருந்தது.

இவ்வாதம் ஏடுகளில் நடந்துகொண்டிருக்க, மலேரியாவோ வேறொரு பாடத்தைக் கற்பித்தது. 1963இல் நாடு முழுவதிலும் கண்டுபிடிக்கப்பட்ட நோயாளர் 17 பேர் மட்டுமே. நோய் ஒழிந்தது என்ற நம்பிக்கையில் மருந்து தெளித்தல் கைவிடப்பட்டது, கண்காணிப்பும் தளர்ந்தது. மழை குறைந்தது, இரத்தினக்கல் தேடுவோர் அகழ்ந்த குழிகளில் நீர் தேங்கியது. 1968, 1969 ஆகிய இரண்டு ஆண்டுகளில் பத்து இலட்சத்தை எட்டும் அளவுக்கு நோயாளர் தொகை பெருகிற்று. மீண்டும் டி.டி.ரியை எடுத்தபோது நுளம்பு அதற்குப் பழகிவிட்டிருந்தது. பின்னர் மலத்தியனை நாட வேண்டியதாயிற்று. வறட்சியும் தேங்கு நீரும் என்ன செய்யும் என்று கார்ட்டரின் ஆய்வும் 1935இன் அறிக்கைகளும் முன்னரே கூறியிருந்தன. வெற்றியைக் கண்டோர் அந்த வெற்றி எந்த நிபந்தனைகளின் மேல் நின்றது என்பதைப் படிக்கவில்லை.

பின்னைய பல்லாண்டுப் போராட்டத்தையும், போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் இடர்களுக்கிடையே குருதிப் பரிசோதனையைக் கைவிடாது நடத்திய உத்தியோகத்தரின் தொண்டையும் கூறப்புகின் அது தனியொரு பேச்சாகும். 2012 அக்டோபருக்குப் பின்னர் உள்நாட்டிலே தோன்றிய நோயாளர் எவரும் காணப்படாமையால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது.

அவ்வாண்டு முடிவதற்குள்ளேயே மன்னாரில் ஒரு புதிய விருந்தாளி காணப்பட்டது. அதைப் பற்றிக் கூறுமுன், குடாநாட்டிலே அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லவேண்டும்.

டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரிலே பெருகும் என்று நாம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறோம். பூச்சாடி, டயர், சிரட்டை ஆகியவற்றை அகற்றுமாறு ஒவ்வொரு மாரியிலும் அறிவித்தல் வருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விலங்கியல் துறையைச் சேர்ந்த சுரேந்திரனும் நோய்த்தொற்று அறிஞர் ரஞ்சன் இராமசாமியும் அவர்தம் குழுவினரும் வேறொரு கேள்வியைக் கேட்டனர். குடாநாடோ சுண்ணக்கல் நிலம். மழைநீர் நிலத்தடியிலே உவர்நீரின் மேல் மிதந்து நிற்கின்றது. மிகையாக இறைத்தால் கிணறு உவர்த்துவிடும். கரையோர ஊர்களில் உவர்க் கிணறு புதுமையன்று. அங்கே இந்த நுளம்பு பெருகாது என்று எவர் சோதித்துப் பார்த்தார்? 2011இல் வெளிவந்த அவர்களின் ஆய்வு, ஒரு லீற்றருக்குப் பத்துக் கிராமுக்கு மேல் உப்புள்ள நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வாழ்வதை, கைவிடப்பட்ட கிணறுகளிலும் வீசியெறிந்த கொள்கலன்களிலும் கண்டு காட்டிற்று. கடல்நீரின் உப்பு 35 கிராம் அளவு என்பதை நினைவிற் கொண்டால் இதன் கனம் விளங்கும். 2014இல் குருநகரின் உவர்நீரிற் பிறந்த நுளம்பையும் நமது திருநெல்வேலியின் நன்னீரிற் பிறந்த நுளம்பையும் ஒப்பிட்டு, முன்னையது உப்பைக் கூடுதலாகத் தாங்கும் எனவும் காட்டினர்.

இதிலும் பழைய ஏடு இல்லாமலில்லை. இந்நுளம்பின் குடம்பி எவ்வளவு உப்பைத் தாங்கும் என்று 1914இலேயே மக்ஃபி என்பவர் சோதித்து எழுதியிருக்கிறார். ஆய்வுகூடத்துச் செய்தியாக அது ஒரு நூற்றாண்டு உறங்கிற்று. நன்னீரில் மட்டும் தேடுமாறு பணிக்கப்பட்டவர்கள் நன்னீரில் மட்டுமே கண்டனர். கண்டதே கொள்கையும் ஆயிற்று. இந்த வட்டத்தை உடைப்பதற்கு உவர்நீரின் கரையில் வாழ்பவர் ஒருவர் வேண்டியிருந்தது போலும்.

இனி மன்னாரின் விருந்தாளி. 2016 டிசம்பரில் அங்கே காணப்பட்டு, அடுத்துவந்த ஆண்டுகளில் யாழ்ப்பாண நகரிலும் இருப்பதாக அறியப்பட்ட நுளம்பு, அனோபிலிசு தெபென்சி என்பது. இந்திய நகரங்களின் மலேரியா நுளம்பு அதுவே. கியூலிசிபேசிசு போல ஆற்றங்கரையை அது நாடுவதில்லை. கிணற்றையும் நீர்த்தொட்டியையுமே நாடும். ஆறில்லாத நமது நாட்டிலே ஒவ்வொரு வளவிலும் கிணறு உண்டு. ஆறில்லாமை ஒருகாலத்தில் நமக்கு ஓரளவு காப்பாயிருந்திருக்கலாம். இந்த நுளம்பின் முன் அது காப்பாகாது. மலேரியா கொண்ட பிரயாணிகள் ஆண்டுதோறும் இந்நாட்டுக்கு வந்துகொண்டேயிருக்கின்றனர். 2018இன் இறுதியில் மொனராகலையில், வெளிநாட்டிலிருந்து வந்த தொழிலாளி ஒருவரிடமிருந்து உள்ளூரவர் ஒருவருக்கு நோய் தொற்றியமையும் அறியப்பட்டது. இளம் மருத்துவர்களிற் பலர் மலேரியா நோயாளி எவரையும் நேரிற் கண்டதில்லை.

ஆதலால் ஆய்வாளர் மீண்டும் பழைய ஏடுகளைத் திறக்கின்றனர். அவற்றுள் ஒன்று 1911இல் பம்பாய் நகரைப் பற்றி பென்ற்லி எழுதிய அறிக்கை. அந்நகரின் மலேரியாவுக்கு வீட்டுக் கிணறுகளில் வளரும் தெபென்சியே காரணம் என அவர் காட்டிக் கிணறுகளை மூடுமாறு கூறினார். மூடுவது எளிதாயிருக்கவில்லை. கிணற்று நீர் வழிபாட்டுக்குரியது, சூரிய ஒளி படாத நீர் சடங்குக்கு ஆகாது என்று பார்சியரும் இந்துக்களும் எதிர்த்தனர். அது மூடநம்பிக்கை என்று சிலர் இகழ்ந்தனர். நமது ஊரின் கிணற்றடியை அறிந்த எவரும் அவ்வாறு இகழமாட்டார். துலா இருந்த காலத்திலும் மின்பம்பி வந்த காலத்திலும் குடிப்பதும் குளிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தக் கிணற்றிலிருந்தே. பம்பாய்க்குக் குழாய்நீர் இருந்தது. நமது வீடுகளிற் பெரும்பாலானவற்றுக்குக் கிணற்றை விட்டால் வேறு வழியில்லை. எனவே இங்கே கிணற்றில் குடம்பி தின்னும் சிறு மீன்களை விடுதலும், வலையிடுதலும், பயன்படாத கிணற்றை மட்டும் மூடுதலும் பேசப்படுகின்றன. எந்தக் கிணற்றில் மீன் பிழைக்கும், உவர்த்த கிணற்றில் அது எத்தனை நாள் உயிர்வாழும், வலையை வீட்டார் எத்தனை மாதம் பேணுவர் என்னும் வினாக்களுக்குப் பென்ற்லியிடம் விடையில்லை. அவை இவ்வூர்க் கிணறுகளை ஒவ்வொன்றாக எண்ணி எழுதுவோரிடமிருந்தே வரவேண்டும்.